நோயாளியின் அமானிதம்

பொய் பேசலாகாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அரபி வினைச்சொல்லின் மூவெழுத்து வேரை விளக்கும்போதுகூட ‘ஸதக்க’ என்னும் சொல்லையே கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். உண்மை உரைத்தான் என்பது அதன் பொருள். அத்தகைய நான், 2016-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு, என் மச்சானின் முகத்தைப் பார்த்து ஒரு பொய்யைச் சொன்னேன். அதனைப் பொய்யென்று அன்று நான் எண்ணவில்லை, கருணையென்றே எண்ணினேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். பல்லாவரத்தில் ஒரு தோல் மண்டியில் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். வயது அறுபத்து மூன்று. இரண்டு மாதமாகவே உணவு செல்லவில்லை; உடல் இளைத்துக்கொண்டே வந்தது; அதுவரை இல்லாத சர்க்கரை நோயும் திடீரென்று வந்து சேர்ந்தது. கண் மஞ்சளித்தபோது, நம் வீடுகளில் யாவரும் செய்வதையே நாங்களும் செய்தோம். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். மூன்று வாரம் அதிலேயே கழிந்தது. உடலெங்கும் அரிப்பெடுத்து இரவெல்லாம் உறங்காதிருந்த பின்னரே மருத்துவமனைக்குச் சென்றோம்.

சோதனைகள் முடிந்து முடிவு கேட்கச் சென்ற அன்று, மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து நோக்கினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மச்சானே எழுந்துகொண்டார். “நீங்கள் பேசுங்கள்” என்று சொல்லி, மேசைமேல் வைத்திருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அறையில் எஞ்சியது நானும் மருத்துவரும் அந்தப் படமும்.

கணையத்தின் தலைப்பகுதியில் புற்று; அது பக்கத்துப் பெரிய இரத்தக் குழாயைச் சூழ்ந்துவிட்டது; கல்லீரலிலும் புள்ளிகள் தெரிகின்றன; அறுவை செய்ய இயலாது; அடைபட்ட பித்தக் குழாயில் சிறு குழாய் ஒன்றைச் செருகினால் காமாலை குறையும்; மருந்து ஏற்றினால் சில மாதங்கள் கூடலாம். இவ்வளவையும் நிதானமாகவே விளக்கினார். பிறகு, “ஐயா, அவரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?” என்று கேட்டார். “அவருக்கு எதுவும் தெரிய வேண்டாம், டாக்டர்” என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். “உங்கள் விருப்பம்” என்றார். ஆலோசனைக் கட்டணத்தை மச்சான் முன்னதாகவே தம் கையால் கட்டியிருந்தார் என்பது வெளியே வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“என்னவாம்?” என்றார்.

“கணையத்தில் வீக்கம், மச்சான். பித்தக் குழாய் அடைத்திருக்கிறதாம். குழாய் வைத்தால் சரியாகிவிடும்.”

இலக்கணம் கற்பிப்பவன் என்பதால் அந்த வாக்கியத்தைப் பலமுறை பகுத்துப் பார்த்திருக்கிறேன். வீக்கம் உண்மை. அடைப்பு உண்மை. குழாய் வைப்பதும் உண்மை. ‘சரியாகிவிடும்’ என்னும் ஒரே ஒரு சொல்தான் பொய். மூன்று உண்மைகளும் அந்த ஒரு பொய்யைச் சுமந்து சென்று இறக்கிவைக்கும் கூலியாட்களாயின.

கணையம் என்னும் உறுப்பைப் பற்றி வாசகர்கள் சிறிது அறிந்திருத்தல் நலம். பழந்தமிழில் கணையம் என்பது கோட்டைக் கதவின் உட்புறம் குறுக்கே இடும் மரத்தைக் குறிக்கும். உடலிலும் அது அவ்வாறே இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்கே கிடக்கிறது. அரபியர் ‘பன்கிர்யாஸ்’ என்பது கிரேக்கரிடமிருந்து வந்த சொல். முழுவதும் தசை என்பது அதன் பொருளாம். உணவைச் செரிக்கும் நீரையும், சர்க்கரையை ஆளும் இன்சுலினையும் சுரப்பது அது. கைக்கு எட்டாத ஆழத்தில் கிடப்பதால் அங்கே புற்று வளர்ந்தாலும் தொட்டறிய முடியாது. தலைப்பகுதியில் வளர்ந்தால், அவ்வழியே செல்லும் பித்தக் குழாயை நெருக்கிக் காமாலையாய்க் காட்டிக்கொடுக்கும். வாற்பகுதியிலோ வெகுநாள் மௌனமாயிருக்கும். நோய் கண்டறியப்படும்போது ஐவரில் நால்வருக்கு அறுவைக்கான காலம் கடந்திருக்கிறது. 1935-இல் விப்பிள் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் வகுத்த பெரிய அறுவைமுறை மிகவும் செப்பமடைந்துள்ளது. 2011-இல் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை ஆயுளை மேலும் சில மாதங்கள் நீட்டுவதாகக் கண்டார்கள். எனினும், மருத்துவ வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே ஐந்தாண்டு கடந்து வாழ்பவர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே. ஆகவே இந்நோயில் மருத்துவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்குப் பிற நோய்களில் இல்லாத கனம் உண்டு. அச்சொல்லுக்குப் பின் எஞ்சும் நாள்கள் பெரும்பாலும் எண்ணத்தக்கவை. ஒரு வாரத்தை மறைப்பவன் அந்த ஒரு வாரத்தையே எடுத்துக்கொள்கிறான்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒரு வீடே வேலை செய்யவேண்டியிருந்தது. மருந்துப் புட்டிகளின் ஒட்டுத்தாளைக் கிழித்தோம். பேரப்பிள்ளைகளுக்கு இன்ன சொல்லை வாயில் கொண்டுவரக் கூடாது என்று கட்டளையிட்டோம். நலம் விசாரிக்க வந்தவர்களைத் தெருமுனையிலேயே மறித்து, என்ன பேசவேண்டுமென்று சொல்லி அனுப்பினோம். அக்கா அடுக்களையில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டுதான் கூடத்துக்கு வருவாள். மச்சானோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அவர் எதை ஊகித்திருந்தார் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

செப்டம்பர்க் கடைசியில் ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அவர் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். “தம்பி, அந்தப் பழுப்பு நோட்டைக் கொஞ்சம் எடு. உன்னிடம் ஒரு கணக்குச் சொல்லவேண்டும்” என்றார். நோட்டு எதிரே அலமாரியில்தான் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். ஆனால் அதை எடுத்துக் கொடுப்பது, உமக்குக் காலம் குறைவு என்று நானே ஒப்புக்கொள்வதாகுமே! இரண்டு மாதமாகக் கட்டிக் காத்ததெல்லாம் இடிந்துவிடுமே! “இப்போது எதற்கு மச்சான்? உடம்பு தேறட்டும். பிறகு நிதானமாக உட்கார்ந்து பார்ப்போம்” என்றேன். என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கச் சொன்னார்.

அடுத்த பத்து நாளில் குழாய் மீண்டும் அடைபட்டுக் காய்ச்சல் கண்டது. நினைவு தடுமாறியது. அக்டோபரில் மௌத்தானார்.

நவம்பர் 8-ஆம் நாள் இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என்ற அறிவிப்பு வந்தது. நாடெங்கும் வீடுகளில் பீரோக்கள் திறக்கப்பட்டன. எங்கள் அக்கா வீட்டிலும் திறக்கப்பட்டது. மச்சானின் துணிகளுக்கு அடியில் ரப்பர் வளையம் இட்ட ஒரு காகித உறை கிடந்தது. உள்ளே அறுபதாயிரம் ரூபாய், எல்லாம் பழைய தாள்கள். உறைமேல் அவருடைய மணியான எழுத்தில், “இரும்புலியூர் அம்மா. அமானிதம்” என்று இருந்தது. பழுப்பு நோட்டைப் புரட்டினோம். 2014 தை மாதத்துக் கணக்கில் அதே சொற்கள், அதே தொகை. வேறு ஒன்றுமில்லை. மண்டிக் கணக்கில் காலணாவும் விடாமல் எழுதிய மனிதர், இதை மட்டும் தம் நினைவில் வைத்திருந்தார். அதைத்தான் அன்று என்னிடம் சொல்ல முனைந்தார் என்று உறுதியாகக் கூற என்னிடம் சான்றில்லை. ஆனால் அந்த நோட்டில் அவர் வாயால் விளக்கவேண்டியிருந்தது இந்த ஒரு வரி மட்டுமே.

அக்கா இத்தாவில் இருந்தாள். ஆகவே கிழக்குத் தாம்பரத்தில் வங்கி வாசலில் நான்கு மணி நேரம் நின்று, அந்தத் தொகையை என் பெயரிலேயே செலுத்தினேன். அமானிதத்தைத் தன் பணத்தோடு கலந்துவிட்டவன் அதற்கு ஈடுசெய்யும் பொறுப்புக்கு ஆளாகிறான் என்று ஃபிக்ஹு நூல்களில் நான் கற்பித்த பாடம், வரிசையில் நின்றபோது வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது.

அந்த வரிசையில்தான் வேறொரு கேள்வியும் எழுந்தது. மருத்துவர் என்னிடம் சொன்ன அந்தச் செய்தி யாருடையது?

உடல் மச்சானுடையது, சோதனைக்கு எடுத்த இரத்தமும் திசுவும் அவருடையவை, கட்டணம் அவர் கொடுத்தது. முடிவு மட்டும் எப்படி எனதாகும்? அதுவும் ஓர் அமானிதம். அவரிடம் சேர்ப்பிக்க என் கையில் தரப்பட்டது. அமானிதம் பற்றிய சட்டம் நம் நூல்களில் மிகத் தெளிவாக உள்ளது. உரியவர் பருவமடையாதவராயினும் சித்தம் கலங்கியவராயினும் அவர்தம் வலீயிடம் ஒப்படைக்கலாம். அறிவு தெளிந்த, வயது வந்த மனிதருடையதை அவரிடமேதான் சேர்க்கவேண்டும்; அவர் கேட்டும் கொடாது வைத்திருப்பவன் கைப்பற்றிக்கொண்டவன் ஆகிறான். “என்னவாம்?” என்று அவர் கேட்டார் அல்லவா? அந்தச் சொல்லே தன் பொருளைத் திருப்பிக் கேட்டதுதான். இலட்சக்கணக்கில் வரவு செலவைத் தலையில் சுமந்த மனிதரைச் சிறுபிள்ளையின் இடத்தில் வைத்து, அவருக்கு வலீயாக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியவை பல. அவை எல்லாம் எனக்கு அன்றே தெரியும்; தெரிந்திருந்ததுதான் என் குற்றத்தை எளிதாக்கியது. குற்றமில்லா நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கூறியதைத் தமிழ் படித்தவர் யார் அறியார்? ராஸியோ, தனக்கே நம்பிக்கை இல்லாவிடினும் மருத்துவன் நோயாளிக்கு நலம் உண்டாகும் என்ற எண்ணத்தையே ஊட்டவேண்டும், உடலின் நிலை உள்ளத்தின் போக்கைப் பின்பற்றுவது என்று அறிவுறுத்தினார். நோயாளியைக் காணச் சென்றால் அவருடைய ஆயுளைப் பற்றி ஆறுதலாகப் பேசுங்கள் என்று ஒரு நபிமொழி திர்மிதியில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பதும் கற்றோர் அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில், நல்ல நோக்கம் ஒன்று பொய்யால் மட்டுமே நிறைவேறக்கூடுமாயின் அது அனுமதிக்கப்பட்டதே என்று எழுதுகிறார்.

ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனையை நான் தாண்டிச் சென்றிருந்தேன். குற்றமில்லா நன்மை என்றாரே, பீரோவில் கிடந்த அந்த உறையை எந்தக் கணக்கில் எழுதுவது? பலவீனமான அறிவிப்பை ஏற்றுக்கொண்டாலும், அது ஆறுதல் சொல்லச் சொல்கிறதே ஒழிய, கேட்டவரிடம் பொருளை மாற்றிக் கொடுக்கச் சொல்லவில்லை. கஸ்ஸாலியும் அத்தோடு நிறுத்தவில்லை. மக்கள் சொல்லும் பொய்களில் மிகுதியானவை தத்தம் நலத்துக்கானவையே என்று உடனே எச்சரிக்கிறார். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தாழ்வாரத்தில் யாரைக் காப்பாற்றினேன்? செய்தியைக் கேட்ட கணத்தில் மச்சானின் முகம் எப்படி மாறுமோ, அதைக் காணும் துன்பத்திலிருந்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

மாறாக, மருத்துவன் வாய்மை பேசியதால் என்ன நிகழும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே பேரொளி வீசும் காட்சி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டு, கி.பி. 644-இல், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸுப்ஹுத் தொழுகையில் கத்தியால் குத்தப்பட்டார்கள். முதலில் வந்த மருத்துவர் ஊறிய பழச்சாற்றைப் புகட்டினார். அது காயத்தின் வழியே வெளிவந்தது; ஆனால் குருதியின் நிறத்தோடு கலந்திருந்ததால் ஐயத்துக்கு இடமிருந்தது. பின்பு அன்சாரிகளில் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் பாலைக் கொடுத்தார். பால் காயத்திலிருந்து வெண்மை மாறாமல் வெளியேறியது. ஐயம் தீர்ந்தது. அம்மருத்துவர் உறவினரை அறைக்கு வெளியே அழைக்கவில்லை; கலீஃபாவிடமே வஸிய்யத்துச் செய்துவிடுமாறு கூறினார். சுற்றி நின்றோர் அழுதனர். உமர் (ரலி) அவர்களோ, அவர் உண்மையையே உரைத்தார் என்றும், வேறு சொல்லியிருந்தால் பொய்யரென்றே கொண்டிருப்பேன் என்றும் கூறியதாக முஸ்னது அஹ்மதில் காண்கிறோம்.

அதன் பின்பு கிடைத்த குறுகிய காலத்தில் அவர்கள் செய்தவற்றைப் புகாரியின் நெடிய அறிவிப்பில் வாசியுங்கள். மகன் அப்துல்லாஹ்வை அழைத்துத் தம் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். எண்பத்தாறாயிரம் அல்லது அதையொட்டிய தொகை என்று வந்தது. அதை முதலில் எவர் பொருளிலிருந்து, அது போதாவிட்டால் எவரிடமிருந்து அடைக்கவேண்டுமென்று வரிசைப்படுத்தினார்கள். அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க அறுவரைக் குறித்தார்கள். தம் இரு தோழர்களின் அருகில் அடங்க அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அனுமதி வேண்டி மகனை அனுப்பினார்கள், அனுமதி கிடைத்தது. அதன் பின்பும், நான் இறந்ததும் என்னைத் தூக்கிச் சென்று வாசலில் நிறுத்தி மறுபடியும் கேளுங்கள், மறுத்துவிட்டால் பொதுக் கபுருஸ்தானத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். தாம் உயிரோடிருக்கையில் தந்த அனுமதி தம் ஆட்சியின் மீதுள்ள அச்சத்தால் தரப்பட்டிருக்கலாமே என்ற ஐயம்! ஒரு கோப்பைப் பாலின் உண்மை இவ்வளவுக்கும் இடம் கொடுத்தது.

உமர் (ரலி) போன்ற மனவுறுதி எல்லார்க்கும் உண்டோ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நினைக்கிறேன். மக்காவில் கடும் நோயுற்று, மரணம் நெருங்கிவிட்டதென்று அஞ்சி, தம் பொருளில் மூன்றில் இரு பங்கைத் தருமம் செய்துவிடவா என்று அவர்கள் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மரணப் பேச்சே வேண்டாமென்று வாயடைக்கவில்லை. வஸிய்யத்தைப் பற்றியே பேசினார்கள். மூன்றில் ஒன்றே போதும், அதுவும் அதிகந்தான் என்று எல்லை வகுத்தார்கள். கூடவே, நீர் இன்னும் வாழக்கூடும், உம்மால் மக்கள் பயன்பெறக்கூடும் என்று நம்பிக்கையும் ஊட்டினார்கள். ஸஅத் (ரலி) பிழைத்தெழுந்து காதிஸிய்யாப் போரில் படை நடத்தினார்கள். அதற்குப் பின்னும் பல்லாண்டு வாழ்ந்தார்கள். நம்பிக்கையும் வஸிய்யத்தும் ஒரே உரையாடலில் அடுத்தடுத்து அமர இடமுண்டு என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது? மருத்துவர் கூறும் மாதக் கணக்கும் மதிப்பீடுதான். ஆயுளை முடிவு செய்யும் எழுதுகோல் அவர் கையில் இல்லை.

நோயை நோயாளிக்கு மறைப்பது கிழக்கின் பண்பு, சொல்லிவிடுவது மேற்கின் பண்பு என்று பேசுவோர் உளர். நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். 1961-இல் சிகாகோ நகர மருத்துவர்களை விசாரித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979-இல் அதே கேள்விகளை மீண்டும் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது, தொண்ணூற்றேழு பேர் சொல்வதையே விரும்பினர். பதினெட்டே ஆண்டுகள்! மாறியது நாகரிகமன்று, மருத்துவர்களின் பழக்கம்.

நம் தாம்பரத்துக்கே இதில் ஒரு பழங்கதை உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்கென்று இங்கே சானடோரியத்தை நிறுவினார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. இரயில் நிலையத்துக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது. என் சிறுவயதில், ஒருவர் தாம்பரத்தில் இருக்கிறார் என்று பெரியவர்கள் தணிந்த குரலில் சொன்னால், நோயின் பெயரைக் கேட்கவேண்டியதில்லை. பின்னர், 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளி தம் வீட்டிலேயே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. ஓராண்டுக் காலம் நாள்தோறும் தன் கையால் மாத்திரை விழுங்குபவனிடம் அவன் நோயை எப்படி மறைப்பது? அங்கே உண்மையும் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. புற்றுநோய் இன்று அந்தப் பழைய காசநோயின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

இந்திய மருத்துவக் கழகம் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகளில், நோயின் கடுமையை மருத்துவர் மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துக் கூறவும் கூடாது என்று உள்ளது. நன்று. ஆனால் நிலைமையை அறிந்திருக்க வேண்டியவர் யார் என்று சொல்லுமிடத்தில், நோயாளி, உறவினர், அல்லது பொறுப்புள்ள நண்பர் என்று அடுக்குகிறது. அரபியில் ‘அவ்’ என்னும் இடைச்சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டென்று ஒரு பாடவேளை முழுவதும் நடத்தலாம். அந்த ‘அல்லது’ என்னும் சிறு சந்தின் வழியாகத்தான் நாட்டின் எண்ணற்ற நோயாளிகள் தாழ்வாரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சைக்கு இசைவு தரவேண்டியவர் தெளிவான மனமுள்ள நோயாளியே, வேண்டிய விவரங்களை அவருக்கே தரவேண்டும் என்று தீர்த்தது. சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாங்கள்தாம் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போகும் பழக்கத்தை விடவில்லை.

இதனால் மருத்துவர் எல்லாவற்றையும் எல்லார் தலையிலும் கொட்டிவிட வேண்டுமென்று நான் கூறுவதாகக் கொள்ளற்க. அமானிதத்துக்கு உரியவர், அது உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லலாம். அதுவும் அவர் உரிமையே. ஆனால் அவரைக் கேட்கவேண்டும். கேளாமலே ‘அவர் தாங்கமாட்டார்’ என்று தீர்ப்பெழுதுவதுதான் என் புகார். அப்புகாரில் முதற்குற்றவாளியும் நானே.

2022 நவம்பரில் என் சின்னம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்பட்டது. குரோம்பேட்டையில் இருந்தார்; வயது எழுபத்தொன்று. முடிவு கேட்கச் செல்வதற்கு முந்தைய நாளே மருத்துவரைத் தனியே கண்டு, “எதுவானாலும் அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள், டாக்டர், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். அந்த இளம் பெண் மருத்துவர் தம் நாற்காலியைச் சின்னம்மாவின் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, முடிவெல்லாம் வந்துவிட்டது. நீங்களே கேட்டுக்கொள்கிறீர்களா, இவரிடம் சொல்லட்டுமா? எப்படி உங்களுக்கு விருப்பமோ அப்படி.”

சின்னம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “பெரிய விஷயமெல்லாம் இவனிடம் சொல்லுங்கள். எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். வருகிற ரமலானில் நான் நோன்பு பிடிப்பேனா?”

மருத்துவர் என்னை நோக்கினார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் ‘இன்ஷா அல்லாஹ், பிடிப்பீர்கள்’ என்றே வந்திருக்கும். இறைவன் பெயரால் மூடிய பொய் அது.

“ரமலான் எப்போது?”

“இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.”

“நோன்பு பிடிக்க உடம்பு இடம் தராது, அம்மா. ரமலான் வரையில் இருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. வலி வராமல் பார்த்துக்கொள்வேன். அதை உறுதியாகச் சொல்லுகிறேன்.”

ஆட்டோவில் திரும்பும்போது சின்னம்மா என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், “அந்த டாக்டரிடம் நீ முன்னமே போய்ச் சொல்லி வைத்தாய், இல்லையா?” என்றார். ஆமென்றேன். “இரண்டு இரவு கண்ணை மூடவில்லை. நீ சும்மா இருந்திருக்கலாம்” என்றார். அந்தச் சொல்லை இன்றும் நான் மறக்கவில்லை; மறைத்து எழுதவும் மனமில்லை. உண்மைக்கும் விலை உண்டு. அதை உறக்கமின்றிக் கட்டியவர் அவர், நானல்லேன்.

பிறகு ஒரு வாரம் கழித்துத் தம் வளையல் இரண்டை விற்கச் சொன்னார். நோன்புக்குப் பகரமான ஃபித்யாவுக்கு முப்பது பேருக்குரிய அரிசியைத் தம் கண்முன்னே அளந்து கட்டச் செய்தார். யார் யாருக்கு என்று பெயர் சொன்னார். சிலருடைய பெயரைச் சொல்லி, அவர்களிடம் தாம் சொன்ன கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டு வரவும் அனுப்பினார். 2023 ரமலானின் பதினோராம் நோன்பன்று அவர் மௌத்தானார். சொல்லியிருக்காவிட்டால் அம்மா இன்னும் சில நாள் இருந்திருப்பார் என்று அவர் மகன் இன்றும் என்னிடம் வருத்தமாகவே இருக்கிறான். இல்லையென்று மெய்ப்பிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இரும்புலியூர் அம்மாவை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. மச்சான் முஸ்லிம் பெண்களையும் அம்மா என்பார். பிற பெண்களையும் அம்மா என்பார். பள்ளிவாசலில் அறிவித்தோம். கோயில் தெருவிலும் மாதாகோயில் வாசலிலும் மளிகைக் கடைகளிலும் கேட்டேன். ஏரிக்கரைப் பக்கம் வீடு வீடாக ஒரு ஞாயிறு முழுவதும் அலைந்தேன். இருவர் வந்தனர், தொகை எவ்வளவு என்று கேட்டபோது இருவராலும் சொல்ல இயலவில்லை. தேடியும் உரியவர் கிடைக்காவிடில் அவர் பெயரால் தருமம் செய்துவிடலாம், பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுத்தவன் தன் கையிலிருந்து ஈடுசெய்யவேண்டும் என்று நம் சட்ட அறிஞர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். அதை அக்காவிடம் எடுத்துரைத்தேன்.

“உன் கையிலிருந்து கொடுத்தால், அது அவர் வாங்கி வைத்த பணம் ஆகுமா?” என்று கேட்டாள். முப்பது ஆண்டு ஃபிக்ஹு கற்பித்தவனிடம் பதில் இல்லை.

பணம் வங்கியில் இருக்கிறது. வெற்று உறையை அக்கா பீரோவில் வைத்திருக்கிறாள். முன்பின் தெரியாத பெண் யாரேனும் வாசலில் வந்து நின்றால், அவள் முதலில் கேட்பது, “உங்களுக்கு எந்த ஊரம்மா?” என்பதுதான்.